எந்தக் கிடாவை வைத்துக்கொள்வது? தேர்ந்தெடுத்து இனம் பெருக்குவது பற்றி ஓர் எளிய விளக்கம்

இருபது பெட்டை வெள்ளாடுகள் உள்ள ஒரு மந்தையை எடுத்துக்கொள்வோம். இந்த ஈற்றில் முப்பது குட்டிகள். எதை வைத்துக்கொள்வது, எதை விற்பது? ஆடு வளர்க்கிற ஒவ்வொருவரும் வருடா வருடம் இந்தக் கேள்விக்கு ஒரு பதில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள், யோசித்துச் சொன்னாலும் சரி, யோசிக்காமல் சொன்னாலும் சரி. பத்து வருடம் கழித்து அந்த மந்தை எப்படி இருக்கும் என்பது அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

யோசிக்காமல் விட்டால் பெரும்பாலும் நடப்பது இதுதான். கொழுகொழுவென்று சீக்கிரம் வளர்ந்த கிடாக்குட்டியைத்தான் வாங்க வருகிறவர் முதலில் கேட்பார். நல்ல விலை கிடைக்கிறதே என்று அது போய்விடும். அடுத்த நல்லதும் போகும். யாரும் கேட்காத சவலைக் குட்டி மந்தையிலேயே நின்று, பருவத்துக்கு வந்து, பெட்டைகளைச் சினைப்படுத்தும். அடுத்த வருடக் குட்டிகள் எல்லாம் அதன் பிள்ளைகள். இதுவும் ஒரு தேர்வுதான், ஆனால் தலைகீழான தேர்வு. நாலைந்து தலைமுறை இப்படிப் போனால் மந்தை மெலிந்துபோகும். “இந்த இனமே இப்படித்தான்” என்று அப்புறம் இனத்தின் மேல் பழி விழும்.

தேர்ந்தெடுத்து இனம் பெருக்குவது என்றால் இதை நேராக்குவது. நமக்கு வேண்டிய பண்பு எந்தெந்த உயிர்களிடம் கூடுதலாக இருக்கிறதோ, அவற்றையே அடுத்த தலைமுறைக்குத் தாயும் தகப்பனும் ஆக்குகிறோம். அவற்றின் குட்டிகளில் மறுபடி அதே வேலை. வீட்டுக் கோழிக்கு மூதாதையான செங்காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். இன்றைய முட்டைக்கோழி 300ஐத் தாண்டுகிறது. இந்த வித்தியாசத்துக்கு நல்ல தீவனமும் பராமரிப்பும் ஒரு பங்கு காரணம் என்றாலும், அடிப்படைக் காரணம் தலைமுறை தலைமுறையாக நடந்த தேர்வு.

கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. சிக்கல் எங்கே வருகிறது என்றால், “கூடுதலாக இருக்கிறது” என்று எப்படித் தெரிந்துகொள்வது என்பதில்.

கண்ணில் படுவதும் குட்டிக்குப் போவதும்

நம் மந்தையில் மூன்று மாத வயதுள்ள இரண்டு கிடாக்குட்டிகளைத் தராசில் நிறுத்துகிறோம். ஒன்று 14 கிலோ, இன்னொன்று 12 கிலோ. எதை வைப்பீர்கள்? பெரும்பாலோர் 14 கிலோக் குட்டியைத்தான் காட்டுவார்கள். இப்போது நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்போம். 14 கிலோக் குட்டி ஒற்றையாகப் பிறந்தது. தாய்க்கு அது நான்காவது ஈற்று. மடி நிறையப் பால், பங்கு கேட்க யாரும் இல்லை. 12 கிலோக் குட்டி இரட்டையில் ஒன்று. தாய்க்கு அது தலையீற்று. உடன்பிறந்ததோடு பாலைப் பங்குபோட்டுக் குடித்து வளர்ந்தது. இந்த நிலையில் 12 கிலோவுக்கு வந்திருக்கிறது என்றால், வளர்ச்சிக்கான மரபுத் திறன் இதற்குத்தான் கூடுதலாக இருக்க வாய்ப்பு அதிகம். போதாததற்கு, இதன் தாய் தலையீற்றிலேயே இரண்டு குட்டி போட்டு இரண்டையும் காப்பாற்றியிருக்கிறாள்.

இந்தத் துறையின் சாரமே இதற்குள் இருக்கிறது. ஓர் ஆட்டின் எடை, ஒரு மாட்டின் பால், ஒரு கோழியின் முட்டை, எதுவானாலும் அதில் இரண்டு பங்குகள் கலந்திருக்கின்றன. ஒன்று பிறப்பிலேயே வந்த மரபணுக்களின் பங்கு. மற்றது சூழலின் பங்கு: தீவனம், தண்ணீர், வெயில், நோய், தாயின் பால், எந்தப் பருவத்தில் பிறந்தது என்பது வரை. தராசு இரண்டையும் சேர்த்துத்தான் காட்டும். குட்டிக்குப் போவதோ முதல் பங்கு மட்டும்.

அதுவும் முழுதாகப் போவதில்லை. தாயின் மரபணுக்களில் பாதி, தகப்பனின் மரபணுக்களில் பாதி. எந்தப் பாதி என்பது ஒவ்வொரு முறையும் குருட்டாம்போக்கில் அமைகிறது. சீட்டுக்கட்டைக் கலைத்துப் பாதியை எடுத்துக் கொடுப்பது போலத்தான். ஒவ்வொரு குட்டிக்கும் வேறு வேறு சீட்டுகள். ஒரே தாய் தகப்பனுக்குப் பிறந்த இரண்டு குட்டிகள் அத்தனை வேறுபட்டு நிற்பது இதனால்தான். பெயர்பெற்ற காளையின் கன்று என்பதாலேயே அது நல்ல கன்றாகிவிடாது. நல்லதாக இருக்க வாய்ப்புக் கூடுதல், அவ்வளவுதான்.

எவ்வளவு போகும்?

ஒரு மந்தைக்குள் விலங்குக்கு விலங்கு தெரியும் வேறுபாட்டில் எத்தனை சதவீதம் மரபணுவால் வந்தது என்பதை மரபுப் பங்கு என்று இங்கே சொல்லிக்கொள்வோம். இது பண்புக்குப் பண்பு மாறும். கறவை மாடுகளில் பாலின் அளவுக்கு இது சுமார் 30 சதவீதம். பாலில் உள்ள கொழுப்புச் சதவீதத்துக்கு 50 சதவீதத்தை ஒட்டி வரும். ஆடு மாடுகளின் உடல் வளர்ச்சிக்கு 30 முதல் 40 என்று சொல்லலாம். சினைப்பிடிப்பு, ஈற்று இடைவெளி போன்றவற்றுக்கு 10 சதவீதத்துக்கும் கீழே.

கடைசியாகச் சொன்னதைக் கவனியுங்கள். ஒரு மாடு சினை பிடிக்கவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் தீவனத்திலோ, தாது உப்புக் குறைவிலோ, பருவம் பார்த்த நேரத்திலோ இருக்கும். அதை மட்டும் வைத்து மாட்டைக் கழித்தால் அடுத்த தலைமுறையில் பெரிய மாற்றம் தெரியாது. அதே சமயம் பால் கொழுப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் பலன் சீக்கிரமே கண்ணில் படும்.

இனி ஒரு சின்னக் கணக்கு. நம் மந்தைக் குட்டிகளின் மூன்று மாத எடை சராசரியாக 12 கிலோ. கிடாக்களில் மிகச் சிறந்த ஒன்றை மட்டும் பொலிக்கு, அதாவது இனப்பெருக்கத்துக்கு, வைக்கிறோம். அது தன்னொத்த கிடாக்களின் சராசரியைவிட 4 கிலோ அதிகம். பெட்டைகளில் அப்படிக் கறாராக இருக்க முடியாது, மந்தையின் எண்ணிக்கை குறைந்துவிடும். பாதிக்கு மேல் வைத்துக்கொள்கிறோம். அவற்றின் சராசரி மொத்தப் பெட்டைகளைவிட 1 கிலோதான் அதிகம். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 2.5 கிலோ. மரபுப் பங்கு 30 சதவீதம் என்று வைத்தால், 2.5ஐ 0.3ஆல் பெருக்க 0.75 கிலோ. அடுத்த தலைமுறைக் குட்டிகள், அதே தீவனத்தில், சராசரியாக முக்கால் கிலோ கூடுதலாக நிற்கும் என்று எதிர்பார்க்கலாம்.

நான்கு கிலோ கூடுதலாக உள்ள கிடாவை விட்டால் குட்டிகளும் நான்கு கிலோ கூடுதலாக வரும் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தில்தான் மனம் சோர்ந்து எல்லாவற்றையும் கைவிடுகிறார்கள். கைவிடக் கூடாது. இந்த முக்கால் கிலோ ஒரு தடவை வந்தால் வந்ததுதான். தீவனம் போல மாதாமாதம் செலவு வைக்காது. அடுத்த தலைமுறை அதன் மேல் நின்று இன்னொரு முக்கால் கிலோ ஏறும். வெள்ளாட்டில் தலைமுறைக்கு இரண்டு வருடம் என்று வைத்தால், பத்து வருடத்தில் 12 கிலோ என்பது 15 கிலோவைத் தாண்டிவிடும். எடுத்துக்காட்டுக்காகப் போட்ட எண்கள்தாம் இவை. ஆனால் கணக்குப் போடும் முறை உண்மையானது. அமெரிக்காவின் அயோவா மாநிலக் கல்லூரியில் ஜே லஷ் என்பவர் 1930களில் கால்நடை இனவிருத்தியைக் கண்மதிப்பிலிருந்து இப்படிப்பட்ட கணக்குக்குக் கொண்டுவந்தார். இன்றும் உலகம் முழுவதும் இந்த அடித்தளத்தில்தான் வேலை நடக்கிறது.

அந்தக் கணக்கில் இன்னொன்றும் தெரிகிறது. முன்னேற்றத்தின் பெரும்பகுதி கிடாவிடமிருந்து வந்தது. ஒரு பெட்டை வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ மூன்றோ குட்டிதான் போடும். ஒரு கிடா மந்தையின் அத்தனை குட்டிகளுக்கும் தகப்பன். ஆகவே நேரமும் பணமும் கொஞ்சம்தான் இருக்கிறது என்றால், அதை ஆண் விலங்கைத் தேர்ந்தெடுப்பதில் செலவிடுங்கள்.

பால் கொடுக்காத காளையைப் பாலுக்காகத் தேர்ந்தெடுப்பது

தேர்ந்தெடுத்து இனம் பெருக்குவதை முதலில் முறையாகச் செய்துகாட்டியவர்களில் ராபர்ட் பேக்வெல்லுக்குத் தனி இடம் உண்டு. 1725 முதல் 1795 வரை வாழ்ந்த இங்கிலாந்துக்காரர். லெஸ்டர்ஷயரில் டிஷ்லி என்ற இடத்தில் பண்ணை வைத்திருந்தார். அதுவரை கால்நடைகளில் ஆணும் பெண்ணும் ஒன்றாக மேய்ந்து, எது எதோடு சேர்ந்தது என்றே தெரியாமல் குட்டிகள் பிறந்துகொண்டிருந்தன. அவர் ஆண்களைத் தனியே பிரித்தார். எந்தக் கிடா எந்தப் பெட்டையோடு சேர வேண்டும் என்பதைத் தானே முடிவு செய்தார். கிடாக்களை விற்காமல் ஒரு பருவத்துக்கு மட்டும் மற்ற பண்ணைகளுக்கு வாடகைக்கு விட்டார். வருமானம் வந்தது ஒரு பக்கம். பிறர் பண்ணையில் பிறக்கும் குட்டிகளைப் பார்த்து எந்தக் கிடாவின் வாரிசு நன்றாக வருகிறது என்று தெரிந்துகொள்ள முடிந்தது, அதுதான் பெரிய லாபம். பரம்பரையின் விதிகளைக் கண்ட மெண்டல் தன் பட்டாணிச் செடி ஆய்வை வெளியிட்டது 1866இல். பரம்பரை எப்படிக் கடத்தப்படுகிறது என்றே யாருக்கும் தெரியாத காலத்தில் ஒரு பண்ணைக்காரர் இதைச் செய்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாகத்தான் இருக்கிறது.

வாரிசைப் பார்த்துத் தகப்பனை மதிப்பிடும் இந்த முறை கறவை மாடுகளில் முழு வீச்சில் வந்தது. காளை பால் கறக்காது. அதனிடம் பாலுக்கான நல்ல மரபணு இருக்கிறதா என்று எப்படி அறிவது? அதன் மகள்களைக் கறந்து பார்ப்பதுதான் வழி. பல பண்ணைகளில், பல விதமான பராமரிப்பில் உள்ள மகள்களின் பாலைக் கணக்கெடுத்தால் சூழலின் ஏற்ற இறக்கங்கள் ஒன்றையொன்று சமன் செய்துகொள்ளும். மீதி நிற்பது தகப்பனின் பங்கு. 1949இல் பிரிட்டனில் கிறிஸ்டோபர் போல்ஜும் சக ஆய்வாளர்களும் கிளிசரால் சேர்த்தால் விந்து உறைநிலையிலும் உயிரோடு இருக்கும் என்று கண்டார்கள். அதன் பிறகு உறைவிந்துக் குச்சிகள் மூலம் ஒரே காளை பல நாடுகளில் பல்லாயிரம் கன்றுகளுக்குத் தகப்பனாக முடிந்தது.

இதில் ஒரே குறை, காலம். காளை வளர்ந்து, விந்து எடுத்து, ஊசி போட்டு, மகள் பிறந்து, அவள் கன்று ஈன்று, ஒரு கறவைக்காலம் முடிவதற்குள் ஐந்து வருடம் ஓடிவிடும். 2001இல் மியூவிசன், ஹேஸ், கோடார்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் இன்னொரு வழியைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். மகள்களின் பால் கணக்கு ஏற்கனவே உள்ள ஆயிரக்கணக்கான விலங்குகளின் டி.என்.ஏ.வைப் பல்லாயிரம் இடங்களில் படித்துவைத்தால், எந்த இடத்தில் எந்த வகை இருந்தால் பால் எவ்வளவு கூடுகிறது என்று மதிப்பிடலாம். அப்புறம் நேற்றுப் பிறந்த கன்றின் காதிலிருந்தோ மயிர் வேரிலிருந்தோ மாதிரி எடுத்தே அதன் மதிப்பைச் சொல்லிவிடலாம். அமெரிக்காவில் 2009 முதல் ஹோல்ஸ்டீன் என்ற கறவை மாட்டினத்துக்கு இது அதிகாரபூர்வமான முறையாகிவிட்டது. ஆனாலும் இந்த முறை எதன் மேல் நிற்கிறது என்று பாருங்கள்: யாரோ தினமும் கறந்து, அளந்து, எழுதிவைத்த பால் கணக்கின் மேல். அந்தப் பதிவு இல்லையென்றால் டி.என்.ஏ. வெறும் எழுத்துக்கூட்டம்தான்.

கேட்டதோடு கேட்காததும் வரும்

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மூன்று காலகட்டத்துக் கறிக்கோழி வம்சங்களை ஒரே தீவனத்தில், ஒரே கூரையின் கீழ் வளர்த்துப் பார்த்தார்கள். 2014இல் வெளியான முடிவின்படி, 56 நாள் வயதில் 1957ஆம் ஆண்டு வம்சக் கோழி சுமார் 0.9 கிலோ, 1978ஆம் ஆண்டு வம்சம் 1.8 கிலோ, 2005ஆம் ஆண்டு வம்சம் 4.2 கிலோ. தீவனம் ஒன்றேதான் என்பதால் இந்த வேறுபாடு மரபணுவிலிருந்து வந்தது. தேர்வின் வலிமைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆனால் அந்த வேகத்தோடு கால் கோணல், இதயக் கோளாறு போன்ற தொல்லைகளும் சேர்ந்து வந்தன. தாய்க்கோழிகளுக்கு வயிறார இரை போட்டால் உடல் கனத்து முட்டை குறைகிறது என்பதால், அவற்றுக்கு அளந்துதான் போடுகிறார்கள். அவை பசியோடுதான் வளர்கின்றன. இதை நாம் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு மரபணு ஒரு வேலையை மட்டும் செய்வதில்லை. பாலை மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்த ஹோல்ஸ்டீன் மாடுகளில் பல பத்தாண்டுகள் சினைப்பிடிப்பு சரிந்துகொண்டே போனது. மரபுப் பங்கு குறைந்த பண்பு என்பதால் அது மெல்ல நகர்ந்தது. மெல்ல நகர்ந்ததால் கவனிக்கத் தாமதமாயிற்று. 2003இல் அமெரிக்காவில் மகள்களின் சினைப்பிடிப்பையும் காளைகளை மதிப்பிடும் மதிப்பெண்ணில் சேர்த்த பிறகு அந்தச் சரிவு நின்று திரும்பத் தொடங்கியது. நார்வேயின் செம்மாட்டு இனத்தில் 1970களிலிருந்தே மடிநோய் எதிர்ப்பையும் சினைப்பிடிப்பையும் பாலோடு சேர்த்துப் பார்த்து வந்தார்கள். அந்த இனம் இன்று ஆரோக்கியத்துக்குப் பெயர்பெற்றிருக்கிறது. எந்தப் பண்பைக் கணக்கில் சேர்க்கவில்லையோ அது அப்படியே நிற்கும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இந்த இரண்டு இனங்களின் வரலாறே போதும்.

முட்டைக்கோழியில் இன்னொரு விதமான சோதனை நடந்தது. கூண்டில் அதிக முட்டை இடும் தனிக்கோழியைத் தேர்ந்தெடுத்தால், சில சமயம் அது பக்கத்துக் கோழிகளைக் கொத்தி விரட்டிவிட்டு அவற்றின் இரையையும் தின்ற கோழியாக இருக்கும். அதன் மகள்களை ஒரே கூண்டில் வைத்தால் எல்லாமே கொத்தும். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தின் வில்லியம் மியூர் தனிக்கோழியைப் பார்க்காமல் ஒரே குடும்பத்துக் கோழிகள் உள்ள கூண்டை மொத்தமாகப் பார்த்தார். எந்தக் கூண்டு கூட்டாக நன்றாக இடுகிறதோ அந்தக் குடும்பத்தைத் தேர்ந்தெடுத்தார். இரண்டாம் தலைமுறையில் ஆண்டுக்கு 68 சதவீதமாக இருந்த சாவு நான்காம் தலைமுறையில் 8.8 சதவீதமாக இறங்கியது. ஒரு கோழிக்கு 91ஆக இருந்த ஆண்டு முட்டை எண்ணிக்கை 237ஆக ஏறியது. 1996இல் இதை வெளியிட்டார். எதை அளக்கிறோம் என்பதை மட்டும் மாற்றியதில் வந்த பலன் இது.

சொந்தத்துக்குள் சேர்ப்பது

நல்ல கிடா கிடைத்துவிட்டால் அதை விட மனம் வராது. ஆனால் இரண்டு வருடத்துக்கு மேல் ஒரே கிடா மந்தையில் நின்றால் தன் மகள்களையே சினைப்படுத்தத் தொடங்கிவிடும். அப்பனும் மகளும் சேர்ந்து பிறக்கும் குட்டியில், எடுத்துக்கொண்ட எந்த மரபணு இடத்திலும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே நகல் இரண்டாக அமைய 25 சதவீத வாய்ப்பு. ஒரே தகப்பனுக்கு வேறு வேறு தாய் வயிற்றில் பிறந்தவை சேர்ந்தால் 12.5 சதவீதம். எல்லா உயிரிலும் கெடுதலான மரபணுக்கள் சில ஒற்றை நகலாக மறைந்து கிடக்கும். ஒன்றாக இருக்கும்வரை ஒன்றும் செய்யாது. இரண்டும் சேரும்போதுதான் குட்டி நோஞ்சானாகப் பிறக்கும், கரு தங்காது, ஊனம் தலைகாட்டும்.

இது எவ்வளவு பெரிய அளவில் நடக்க முடியும் என்பதற்கு, 1962இல் அமெரிக்காவில் பிறந்த பானீ ஃபார்ம் ஆர்லிண்டா சீஃப் என்ற ஹோல்ஸ்டீன் காளையைச் சொல்லலாம். அதற்கு சுமார் 16,000 மகள்கள். பாலைக் கூட்டியதில் அதன் பங்கு மிகப் பெரியது. கூடவே அதன் உடலில் ஒரு பழுதான மரபணுவும் இருந்தது. இரண்டு நகலும் அந்தப் பழுதோடு அமைந்த கரு வயிற்றிலேயே இறந்துவிடும். கன்று பிறப்பதே இல்லை என்பதால் யாருக்கும் தெரியவில்லை. மாடு சினை நிற்கவில்லை என்று மட்டும் எழுதினார்கள். டி.என்.ஏ. படிக்கத் தொடங்கிய பிறகுதான் பிடிபட்டது. உலகம் முழுவதும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கருக்கள் இப்படிப் போயிருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். இப்போது சோதனை இருக்கிறது. அந்தப் பழுதைச் சுமக்கும் காளையையும் பசுவையும் ஒன்றாகச் சேர்க்காமல் தவிர்க்கிறார்கள்.

கலப்பினத்தையும் தேர்வோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இரண்டு இனங்களைச் சேர்த்தால் முதல் தலைமுறையில் ஒரு வீரியம் வரும். முக்கியமாகப் பிழைப்புத்திறனிலும் சினைப்பிடிப்பிலும். ஆனால் அந்தக் கலப்புக் குட்டிகளைத் தங்களுக்குள்ளேயே சேர்த்தால் அடுத்த தலைமுறையில் அந்த வீரியம் பாதியாகிவிடும். தேர்வால் வரும் பலன் தலைமுறைக்குத் தலைமுறை சேரும், கலப்பு வீரியம் அப்படிச் சேராது. இரண்டுக்கும் தனித்தனி இடம் உண்டு.

சின்ன மந்தையில் எங்கே தொடங்குவது?

டி.என்.ஏ. சோதனை இல்லாமலே நிறையச் செய்யலாம். முதலில் ஒவ்வோர் உயிருக்கும் காதில் ஓர் எண். ஒரு நோட்டு: பிறந்த தேதி, தாய், தகப்பன், ஒற்றையா இரட்டையா, தாய்க்கு எத்தனையாவது ஈற்று, மூன்று மாத எடை. ஒற்றைகளை ஒற்றைகளோடும் இரட்டைகளை இரட்டைகளோடும், ஒரே பருவத்தில் பிறந்தவற்றை ஒன்றோடொன்றும் ஒப்பிடுங்கள். பண்புகளை இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பத்துப் பண்புகளை ஒரே நேரத்தில் துரத்தினால் எதிலும் நகர்வு இருக்காது. அப்புறம், விலங்கு எந்தச் சூழலில் வாழப்போகிறதோ அந்தச் சூழலிலேயே அதை மதிப்பிடுங்கள். கொட்டிலில் அடர்தீவனம் தின்று முதலிடம் வந்த கிடாவின் பிள்ளைகள் வறண்ட மேய்ச்சலிலும் முதலிடம் வரும் என்று சொல்ல முடியாது.

பொலிகிடாவை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, உறவில்லாத மந்தையிலிருந்து மாற்றுங்கள். பழைய கிடா நல்லதாக இருந்தால் உங்களைப் போலவே பதிவு வைத்திருக்கும் இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளலாம். அதன் பிள்ளைகள் அங்கே எப்படி வருகின்றன என்பதும் தெரியவரும். பொலிக்கு வேண்டாம் என்று ஒதுக்கிய கிடாக்குட்டிகளை மூன்று மாதத்துக்குள் காயடித்துவிடுங்கள், இல்லையென்றால் பெட்டைகளிடமிருந்து பிரித்துவிடுங்கள். வெள்ளாட்டுக் கிடா நான்கு மாதத்திலேயே பெட்டையைச் சினைப்படுத்தக்கூடியது. வேலியைத் தாண்டி ஒரே ஒரு குட்டி உள்ளே போய்விட்டாலும் அந்த ஈற்றுக் குட்டிகளுக்குத் தகப்பன் யார் என்று நோட்டில் எழுத முடியாது.